கிழங்கை விலக்கி மலையேறிய எம்.ஏ.

பிள்ளைகளே,

பங்குனி உத்திரத்துக்கு நடந்து வந்த மேல்மலைக்காரர்கள் நம் வீட்டு வாசலில் நின்று உங்கள் தண்டபாணி மாமாவை "சாமி" என்று கும்பிட்டதைப் பார்த்தீர்கள். அவர்களில் வீரம்மா என்கிற அந்தம்மா சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தீர்கள். அன்றிலிருந்து ஏன், ஏன் என்று இரண்டு பேரும் என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறீர்கள். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அடிவாரத்தில் மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசுகிற கடைக்காரன் நான். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் காட்ட வேண்டாம்.

மாமா அப்போது மெட்ராஸில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். என்ன படிப்பு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவன் போட்ட சட்டம், அவன் உட்கார்ந்த நாற்காலி, அவனைக் கண்டால் வளைகிற முதுகு எல்லாம் கூடவே கப்பலேறியதா, இங்கேயே தங்கிவிட்டதா? சமுதாயத்திலும் அரசியலிலும் எது போனது, எது நிற்கிறது என்று ஆராய்வதுதான் படிப்பு. காலனி ஆட்சி நீக்கம் என்று பெயர் சொன்னார். நல்ல படிப்பாகத்தான் தெரிந்தது.

வினை எங்கே வந்தது என்றால், மாமா ஆராய்ச்சியைத் தன் வயிற்றிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஆய்வுக் கட்டுரையை எழுதி முடிக்கிறவரை வெள்ளைக்காரன் கொண்டுவந்த எதையும் தொடுவதில்லை என்று சபதம். காப்பி இல்லை, டீ இல்லை, ரொட்டி பிஸ்கட் இல்லை. உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எதுவும் இல்லை. பேண்டும் ஸ்வெட்டரும் கிடையாது. கதர் வேட்டியும் ஒரு கம்பளியும் மட்டும். மிளகாய்கூடக் கப்பலில் வந்ததுதான் என்று லைப்ரரியில் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகம் வாடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் தெளிந்துவிட்டார். மிளகாயைக் கொண்டுவந்தவன் போர்ச்சுக்கீசியனாம், தன் ஆராய்ச்சி இங்கிலீஷ்காரனோடு நிற்கிறதாம். மூக்குக் கண்ணாடி யார் கொண்டுவந்தது என்று நான் கேட்டேன். அதைக் கழற்றினால் வெள்ளைக்காரன் இருக்கிறானா போய்விட்டானா என்பதே தெரியாது என்றார்.

அவருடைய பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டு, எல்லாம் புத்தகத்தில் உள்ளதாகவே இருக்கிறது, மலைக் கிராமத்து ஜனங்கள் வாயால் சொன்னது ஒரு அத்தியாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் கட்டுரையை வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கெடு நெருங்கிவிட்டது. அது தப்பினால் ஒரு வருஷம் போச்சு. மாமா கொடைக்கானலுக்கு மேலே ஒரு பூண்டு விளைகிற ஊருக்குப் போவது என்று புறப்பட்டு நம் வீட்டுக்கு வந்தார். வந்தவரைப் பார்த்து உங்கள் அம்மா அழுதுவிட்டாள். கன்னம் இரண்டும் உள்ளே போய்க் கழுத்து நீண்டு கிடந்தது. என்னைத் துணைக்குப் போகச் சொன்னாள்.

"எந் தம்பி இதுக்கு மேல எளைச்சு வந்தான்னா நீங்க கடையிலயே படுத்துக்கிடுங்க" என்றாள்.

முதல் நாள் பஸ்ஸில் மலை ஏறினோம். பாதியில் பஸ் கொதித்து நின்றது. கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். எல்லோரும் இறங்கி வாந்தி எடுத்தோம். பக்கத்து சீட்டு அம்மாள் இரக்கப்பட்டு மாமாவுக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். வெள்ளைக்கார மிட்டாய் என்று மாமா அதைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வளைவில் ஒருவன் மலைவாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். இது நம் நாட்டுப் பழம்தான், கப்பலில் வரவில்லை என்று மாமா நின்ற இடத்திலேயே ஒரு சீப்பை முடித்தார். அந்தப் பயணம் முழுவதும் அவரைக் காப்பாற்றியது அந்தப் பழம்தான். நான் ஒரு தார் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

கொடைக்கானல் வேறு தேசம், பிள்ளைகளே. நம் பழனியில் மலை ஏறுகிறவன் தலையைக் காலி செய்துகொண்டு இறங்குவான். அங்கே மலை ஏறியவன் தலையில் தொப்பி, அதன் மேல் மப்ளர் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். என் வியாபாரம் அங்கே ஒரு நாள் ஓடாது. வெள்ளைக்காரன் போய்விட்டானா என்று ஆராயப் போனவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே வருகிறது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இவங்க மிஷன் பள்ளிக்கூடத்து அமெரிக்காக்காரங்க மச்சான். நம்ம கணக்குல வரமாட்டாங்க" என்றார்.

கணக்கில் வருகிற இரண்டு பேர் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வயதான இங்கிலீஷ்காரிகள். தாழ்ந்த குரலில் வெகு வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜ்ஜியத்தை இழந்தவர்கள் தனிமையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க மாமாவுக்கு ஆசை. பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி வெகு நேரம் நின்றார். திரும்பி வந்ததும் எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு அம்மாள், "இடது காலுறை வந்துவிட்டது, வலது காலுறையைத்தான் வண்ணான் தொலைத்துவிட்டான்" என்றாளாம். மற்றவள், "இரண்டும் ஒரே மாதிரிதானே, எது இடது என்று எப்படிக் கண்டாய்?" என்று கேட்டாளாம். மாமா இதையும் எழுதிக்கொண்டார். கையைவிட்டுப் போனதை மறக்க முடியாத மனநிலை இன்னும் இருக்கிறது என்று அதற்குக் கீழே ஒரு வரி போட்டார்.

சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். கோஸ் பொரியல், காரட் கூட்டு, பீன்ஸ் பருப்பு உசிலி, உருளைக்கிழங்குப் பொடிமாஸ். சபதத்தை எடுத்து இலையில் பரப்பிய மாதிரி இருந்தது. மாமா வெறும் சோற்றில் மோரை ஊற்றி அந்தக் குளிரில் குடித்தார். அவர் இலையில் இருந்ததை வீணாக்கக் கூடாது என்று நான் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டேன். மோர் வேலையைக் காட்டியது. மாமா தும்ம ஆரம்பித்தார். கடைக்காரர் யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்தார். அந்த மரமும் வெள்ளைக்காரன் நட்டது என்று மாமா மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுப்பில் எரிந்த விறகும் யூகலிப்டஸ்தான். அதில் குளிர் காயலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விறகுதான் வெள்ளைக்காரனுடையது, நெருப்புக்கு ஊர் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிக் கையை நீட்டினார்.

மறுநாள் கிழங்கு ஏற்றப் போகிற லாரியில் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து மேல்மலைக்குப் போனோம். வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. டிரைவருக்குப் பாதையின் ஓரம் தெரியவில்லை. என்னிடம் வெள்ளைத் துண்டு இருப்பதைப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கச் சொன்னார். லாரிக்குக் காசு கொடுத்த நான் நடந்து போக, லாரி என் பின்னாலேயே வந்தது. மேலே உட்கார்ந்து மாமா பழம் சாப்பிட்டார். ஊரில் இறக்கிவிட்டு, நாளை மறுநாள் மத்தியானம் லோடோடு இறங்குவேன், அப்போது நிற்காவிட்டால் அடுத்த வாரம்தான் வண்டி என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் என்றால் கெடு தாண்டிவிடும்.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் இது எங்கள் ஊர்க் கதை என்று சண்டைக்கு வருவார்கள். படிக்கட்டு மாதிரி வயல்கள், எல்லாவற்றிலும் பூண்டும் கிழங்கும். காற்றே பூண்டு வாசம் அடிக்கும். ஊர்த்தலைவர் மாரிமுத்து வீட்டில் இறங்கினோம். அவர் மனைவிதான் வீரம்மா. அந்த ஊரில் ஒரு வழக்கம். வந்தவன் கை நனைக்காமல் பேச்சே தொடங்கமாட்டார்கள். வீரம்மா ஒரு செம்பில் காப்பியும், தட்டு நிறைய அவித்த உருளைக்கிழங்கும், பூண்டுத் துவையலும் கொண்டுவந்து வைத்தார்.

மாமா இரண்டு கையையும் கூப்பினார். "கோவிச்சுக்காதீங்க. நான் இதெல்லாம் சேத்துக்கிறதில்லீங்க" என்றார்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டார் வீரம்மா.

"பழனிங்க."

அவ்வளவுதான். பழனிக்காரர், இளைத்த உடம்பு, கதர் வேட்டி, காலில் செருப்பு இல்லை, தின்பது வாழைப்பழம். (செருப்பு லாரியிலேயே போய்விட்டது, அது வேறு கதை.) முருகனுக்கு விரதம் இருக்கிறார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் கடைக்கு இந்த லட்சணத்தில் ஒருவர் வந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். தலைவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாமாவுக்குப் போட்டிருந்த நாற்காலியை எடுத்துவிட்டுப் புதுப் பாய் விரித்தார்கள். நாற்காலியும் கிழங்கும் காப்பியும் எனக்கு வந்தன. நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மாமா பேனாவைத் திறந்து, வெள்ளைக்காரன் போன பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்ற முதல் கேள்வியைக் கேட்டார். தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"விரதத்துல இருக்கையில ஊர் வம்பு காதுல விழக்கூடாதுங்க சாமி. பாவம் பேசினவன் தலையில விடியும். உங்க சோலி முடியட்டும். அப்புறமா எம்புட்டு வேணுமின்னாலும் பேசுவோம்" என்றார்.

அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அப்படித்தான். செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. விரதக்காரருக்கு ஒரு பொழுதுதான் சாப்பாடு என்று ராத்திரிக்கு ஒன்றும் கிடையாது. எனக்கு மட்டும் எல்லா வீட்டிலும் கிழங்கு. பூண்டுக் குழம்பில் போட்ட கிழங்கு, சாம்பலில் சுட்ட கிழங்கு, கடுகு தாளித்த கிழங்கு. மாமா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வெள்ளனே எழுப்பினார்கள். விரதக்காரர் ஓடையில் முழுக வேண்டுமாம். கம்பளியை வாங்கி வைத்துக்கொண்டு மாமாவை இறக்கிவிட்டார்கள். அவர் உள்ளே போன சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வெந்நீர் தரலாமே என்று நான் கேட்டதற்கு, வெந்நீர் விரதத்துக்கு ஆகாது என்றார் வீரம்மா. எனக்கு மட்டும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மாமா நீலமாகக் கரையேறியதும் ஒரு பசு மாட்டைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். பால் கறக்கவிடாமல் உதைக்கிறதாம், திருநீறு போட வேண்டுமாம். மாமாவின் கை நடுங்கிய நடுக்கத்தில் மாட்டின் நெற்றி, கண், காது எல்லா இடத்திலும் திருநீறு விழுந்தது. அது தும்மியது. மாமாவும் தும்மினார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூண்டுக் குவியலுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ரகசியமாகப் பேசினோம். மாமாவின் கேள்விகள் எல்லாம் அப்படியே இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றார். என்ன உண்மை? நீங்கள் உழைத்து விளைவிப்பது எல்லாம் வெள்ளைக்காரன் தீனி, ஆகவே நான் தொடமாட்டேன் என்றா? அப்படிச் சொன்னால் பேச்சு கிடைக்காது, அடிதான் கிடைக்கும் என்றேன். சாப்பிட்டுவிட்டால் என்ன என்றும் சொல்லிப் பார்த்தேன். எழுதி முடிக்கும் முன் சபதத்தை முறித்தால் அப்புறம் எந்த முகத்தோடு எழுதுவது என்று அழுகிற குரலில் சொன்னார். பேசி முடித்துத் திரும்பினால், குவியலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தலைவர் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு எவ்வளவு கேட்டதோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். நல்ல வேளை, அவருக்கு அந்தப் பக்கத்துக் காது மந்தம்.

விரதம் எதற்காக என்று மட்டும் அவர் என்னைக் கேட்டார். பொய் சொல்ல மனமில்லை. படிப்பு முடிய வேண்டும் என்று இருக்கிறான், படிப்பு முடிய உங்கள் ஊர்ப் பேச்சு வேண்டும், நாளை மத்தியானம் லாரி போய்விடும் என்றேன். தலைவர் பூண்டைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி மடக்கி யோசித்தார்.

"விரதம் முடியணுமின்னா படிப்பு முடியணும். படிப்பு முடியணுமின்னா நாங்க பேசணும். நாங்க பேசணுமின்னா விரதம் முடியணும். இது எங்கயும் போயி நிக்காது போலிருக்கே. ஏலே, பூசாரியக் கூப்பிடு" என்றார்.

ஊர் கூடியது. பழனி முருகனும் இந்த ஊர் முருகனும் ஒருவர்தான். அதனால் விரதத்தை இங்கேயே முடித்துவைக்கலாம், மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று பூசாரி சொன்னார். முருகன் கோயில் பிரசாதத்தைக் கையில் வாங்கிச் சாப்பிட்டால் விரதம் முடிந்தது. மாமாவுக்கு முகம் மலர்ந்தது. பிரசாதம் என்றால் பஞ்சாமிர்தம்தானே, நாட்டு வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, ஒரு பழுதும் இல்லை என்று என் காதில் சொன்னார்.

நாலாம் நாள் காலை கோயிலில் மேளம் தட்டினார்கள். ஒரு ஆள் விடாமல் வந்து நின்றார்கள். அந்த மாட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். பூசாரி சாமி முன்னால் மூடி வைத்திருந்த பித்தளைச் சட்டியைத் திறந்தார். ஆவி வந்தது. அந்த ஊர் முருகனுக்கு முதலில் தோண்டிய கிழங்குதான் படையல். அவித்துத் தோலுரித்து, வெல்லம் தட்டிப் போட்டு, நெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. வாழை இலையில் ஒரு பெரிய உருண்டையாக வைத்து மாமாவின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டார்.

மாமா கிழங்கைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழனியில் பிறந்தவன் முருகன் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? சபதமோ இது வெள்ளைக்காரன் கிழங்கு என்கிறது. பிரசாதமோ நெய் வாசம் அடிக்கிறது. மேளக்காரன் கையை ஓங்கியபடி நிற்கிறான். லாரி வேறு தூரத்தில் ஹாரன் அடித்தது. நான் பின்னாலிருந்து மாமாவின் விலாவில் கிள்ளினேன். கிள்ளுவதற்குச் சதையே இல்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். மெல்ல மெல்லக் கண் திறந்தது. இலையை வழித்து நக்கிவிட்டு அப்படியே மறுபடியும் நீட்டினார். மேளம் விழுந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்த பேச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்குள் விறகு பொறுக்கினால் பிடிப்பார்கள், இப்போதும் பிடிக்கிறார்கள், ஆனால் இப்போது தமிழில் திட்டுகிறார்கள் என்றார் ஒருவர். அவன் போனதே எனக்கு வெகு நாள் தெரியாது, யாரும் வந்து சொல்லவில்லை என்றார் இன்னொருவர். தலைவர் ஓட்டுப் போட்ட கதையைச் சொன்னார். மாமா ஒரு கையில் கிழங்கும் ஒரு கையில் பேனாவுமாகத் திண்டாடினார். அப்போதுதான் வீரம்மா சொன்னார்:

"அப்ப தொரைமாருக வேட்டைக்கு வந்தா வீட்டுக்கு வீடு முட்டை கேப்பானுக. குடுத்துட்டுக் கும்பிடுவோம். இப்ப நம்ம ஆபீசருக ஜீப்புல வாராக. கோழியவே கேக்குறாக. ஆனா இப்ப நாங்க கும்பிடுறதில்ல. கோழி இல்லைங்கிறோம். கூடைக்குள்ள அது கத்திக்கிட்டே கெடக்கும், அப்பவும் இல்லைங்கிறோம். அதானுங்க மாறினது."

மாமா கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுதினார். அவர் கிழங்கைக் கீழே வைத்தது அந்த ஒரு தடவைதான்.

லாரியில் மூட்டை ஏறுகிறவரை எழுதிக்கொண்டே இருந்தார். கிளம்புகிற சமயம் மனசு கேட்காமல் வீரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். முருகனுக்கு விரதம் இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிழங்கு என்றுதான் ஒதுக்கினேன் என்றார். நான் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வீரம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க முருகன் எம்புட்டு வருசமா திங்கிறான். அவன் ஒண்ணும் சொல்லலையே" என்றார். பிறகு மடியிலிருந்து சுட்ட கிழங்கு நாலைந்தை எடுத்து மாமாவின் கம்பளியில் போட்டார். "வெரசா ஏறுங்க. ஊருக்குள்ள இத நான் சொல்ல மாட்டேன். மாட்டுக்காரன் மனசு விட்டுருவான்."

அந்த மாடு உதைப்பதை நிறுத்திவிட்டதாம். ஆகவே அந்த ஊருக்கு மாமா இன்றும் சாமிதான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா தம்பியைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள். ஒரு வாரம் நான் கடையில் படுத்துக்கொண்டேன். மாமாவின் கட்டுரையைப் பேராசிரியர் வாங்கிக்கொண்டார். மலை அத்தியாயம்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். முட்டையும் கோழியும் வந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாராம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். பங்குனி உத்திரத்தன்று அவர்கள் தோளில் கிழங்கு மூட்டையோடு வந்தார்கள். மாமா உள்ளே ஓடி, காலிகோ அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பொறித்த கட்டுரையைக் கொண்டுவந்து வீரம்மாவின் கையில் வைத்தார். அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, படிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று உங்களில் பெரியவன் செந்திலைக் கூப்பிட்டார். செந்தில் பக்கத்தைப் புரட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குத் தெரியாது, முழுக்க இங்கிலீஷ் என்றான். யூனிவர்சிட்டியில் இங்கிலீஷில் எழுதினால்தான் வாங்குவார்கள் என்று உங்கள் அம்மா சமாதானம் சொன்னாள்.

வீரம்மா புத்தகத்தைப் பார்த்தார். உங்கள் அம்மா அவித்து முன்னால் வைத்திருந்த கிழங்கைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"ஏன் சாமி, இத அம்புட்டையும் வெள்ளைக்காரன் பேச்சுல எழுதிப்புட்டு, கிழங்கத்தான் வேணாமின்னீங்களா?"

அப்போதுதான் அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டது. மாமா என்ன சொல்வார்? அவர் வாய் நிறையக் கிழங்கு இருந்தது.